1961 அம்பாசடர் மார்க் 1: பழைய கப் மாடல் ஆயில் ஃபில்டர் எங்கே தேடுவது?

கோவை_மார்க்1

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1961 அம்பாசடர் மார்க் 1 இருக்கிறது. 1489 சிசி, ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின். பாடி வேலை, பெயின்ட், சீட், வயரிங் எல்லாம் முடிந்துவிட்டது, வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பானெட்டைத் திறந்ததும் கண்ணை உறுத்துகிற பொருள் ஒன்று இருக்கிறது. முன்பு வண்டி வைத்திருந்தவர் எந்தக் காலத்திலோ ஒரிஜினல் கப் மாடல் ஆயில் ஃபில்டரை (உலோகக் கப் அப்படியே இருக்கும், உள்ளே உள்ள வடிகட்டியை மட்டும் மாற்றுவோம்) கழற்றிவிட்டு, லேத்தில் கடைந்த ஒரு அடாப்டரை பிளாக்கில் பூட்டி, அதில் இந்தக் காலத்து ஸ்பின்-ஆன் ஃபில்டரை (மொத்தமாகத் திருகிக் கழற்றி எறிகிற வகை) திருகி வைத்திருக்கிறார். கழற்றிய பழைய கப், போல்ட், ஸ்பிரிங் எதுவும் வண்டியோடு வரவில்லை, பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இந்த வண்டி 1961இல் ஃபேக்டரியை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே எஞ்சின் பக்கமும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வருடக் கடைசியில் கண்காட்சிக்கும் கொண்டுபோக வேண்டும்.

நான் கேட்க வந்தது: அந்தக் காலத்து ஃபில்டர் செட் முழுசாக எங்கே கிடைக்கும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், ஒருவர், இன்னும் பிரிக்காத பழைய அட்டைப்பெட்டியில் ப்யூரோலேட்டர் கம்பெனி எலிமென்ட் (கப்புக்குள் போகும் காகித வடிகட்டி) சில வைத்திருக்கிறார், நல்ல விலை சொல்கிறார். பெட்டியைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. வாங்கி எஞ்சினில் போடலாமா? கடைசியாக, ஸ்பின்-ஆனையே விட்டுவிடுவதுதான் எஞ்சினுக்கு நல்லது என்கிறார் என் மெக்கானிக். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை?

பழைய_பிஸ்டன்

தம்பி, முதலில் நல்ல சேதி. உங்களுக்கு வேண்டிய எலிமென்ட் அழிந்துபோன சாமான் இல்லை. உங்கள் எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அதே 1489 சிசி எஞ்சின்தான் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 2, 3, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், எம்ஜி மேக்னெட், எம்ஜிஏ எல்லாவற்றிலும் வேலை பார்த்தது. எம்ஜிஏவுக்கு இன்னும் உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதால் இங்கிலாந்தில் எலிமென்ட், ரப்பர் ரிங் இரண்டும் புதிதாகவே விற்கிறார்கள். நம் ஊரிலும் அம்பாசடர் ஸ்பேர் வைத்திருக்கும் பழைய கடைகளில் கேட்டால் கிடைக்கும், ஏனென்றால் இந்த எஞ்சின் உத்தர்பாராவில், அம்பாசடர் ஃபேக்டரி இருந்த ஊரில், பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரானது. ஒன்று மட்டும் கவனம். கடைக்காரர் “அம்பாசடர் ஃபில்டர்தானே” என்று 1980 வாக்கிலிருந்து வந்த டீசல் எஞ்சின் சரக்கையோ, 90களில் வந்த 1800 இசுசு எஞ்சின் சரக்கையோ எடுத்து நீட்டலாம். “பிஎம்சி பெட்ரோல், கப் மாடல்” என்று சொல்லிக் கேளுங்கள். 1959க்கு முந்தைய ஆரம்ப வண்டிகளில் இருந்த 1476 சிசி சைடு வால்வ் எஞ்சின் வேறு கதை, அதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கஷ்டம் எலிமென்டில் இல்லை, வெளியே தெரிகிற கப்பிலும், கப் மேலே போய் மாட்டுகிற வார்ப்பான ஃபில்டர் ஹெட்டிலும்தான். சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் புதுச் சரக்கு, புதுப்பேட்டையில் பழசு. அங்கே கப்பை மட்டும் தேடாதீர்கள். கழற்றிப் போட்ட பி-சீரிஸ் எஞ்சின் கிடக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து ஹெட், கப், நடு போல்ட், உள் சாமான் எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு வரும் பைப், அதன் பாஞ்ஜோ போல்ட் (உள்ளே ஆயில் போகத் துளை உள்ள போல்ட்) இருந்தால் அதையும் விடாதீர்கள். டெகலமிட், ப்யூரோலேட்டர் என்று இரண்டு கம்பெனி ஃபில்டரும் இந்த எஞ்சின்களில் வந்திருக்கின்றன, ஒன்றின் கப்பை இன்னொன்றின் ஹெட்டில் மாட்டினால் உட்கார்ந்ததுபோலத் தெரியும், ஆனால் எலிமென்ட் உள்ளே அழுத்தமாக நிற்காது. கல்கத்தாவில் யாராவது தெரிந்தவர் இருந்தால் மல்லிக் பஜாரில் பார்க்கச் சொல்லுங்கள். உத்தர்பாரா பக்கத்திலேயே இருந்ததால் அங்கே அம்பாசடர் சாமான் புழக்கம் எப்போதும் அதிகம்.

கப்பை வாங்கும்போது வாய் விளிம்பைக் கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. பல கப்புகளின் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் அடித்த குழி, செயின் ஸ்பேனர் கடித்த தழும்பு இருக்கும். பக்கத்துக் குழி பரவாயில்லை, விளிம்பு நெளிந்திருந்தால் வேண்டாம். அடியில் போல்ட் போகும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓட்டையை அடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

ஹைவே_ஓட்டி

உங்கள் மெக்கானிக் பக்கம் நான் நிற்கிறேன். நான் இதே வகை எஞ்சினில் வருடக்கணக்காக ஸ்பின்-ஆன் போட்டு ஓட்டுகிறேன். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் திருகிக் கழற்றுகிறோம், புதுசின் ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குகிறோம், அவ்வளவுதான். கப் மாடலில் ஸ்பிரிங், வாஷர், பிளேட், ரிங் என்று இத்தனை சாமானை வரிசையாக, கார் அடியில் கை நுழைத்து, ஆயில் முழங்கை வரை வழிய மாட்ட வேண்டும். ஒன்று மாறினால் நடுரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். கண்காட்சிக்கு ஒரு நாள், ரோட்டுக்கு மற்ற நாளெல்லாம் என்று யோசித்துப் பாருங்கள். மூடிய பானெட்டுக்குள் இருக்கிற பொருளுக்காக எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டுமா?

பழைய_பிஸ்டன்

வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பு என்று சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடாப்டரில் ஸ்பின்-ஆன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். தலைகீழாகவோ சாய்வாகவோ நின்றால் எஞ்சினை நிறுத்தியதும் அதிலுள்ள ஆயில் மெல்ல சம்ப்புக்கு, எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிடும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும், அந்தச் சில விநாடிகளில் பேரிங் உலர்ந்து சுற்றும், அந்த ‘கடகட’ சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்கிற ரப்பர் வால்வ் உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்கினால் இது குறையும், ஆனால் விலை மலிவான ஃபில்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரமே விறைத்துப்போகிறது. பழைய கப்போ வாய் மேலே பார்த்துத் தொங்குகிறது, எஞ்சின் நின்றாலும் கிண்ணத்தில் கஞ்சிபோல ஆயில் அப்படியே நிற்கும். 1950களில் யோசித்து வைத்த ஏற்பாடு அது, அதை வெறும் பழைய பாணி என்று ஒதுக்கக் கூடாது.

லேத்தில் கடைந்த அடாப்டர் என்று கேட்டதும் எனக்கு இன்னொரு கவலை. ஒரிஜினல் ஃபில்டர் ஹெட்டுக்குள் பைபாஸ் வால்வ் என்று ஒரு சின்ன வால்வ் இருக்கும். எலிமென்ட் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் கெடுதல்தான், ஆயிலே இல்லாமல் ஓடுவது அதைவிடப் பெரிய கெடுதல். இந்த அடாப்டரில் அந்த வால்வ் இருக்கிறதா, அல்லது போட்டிருக்கிற ஸ்பின்-ஆனுக்குள்ளாவது இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

யாழ்_கேம்பிரிட்ஜ்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 1958 ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் இருக்கிறது, எஞ்சின் உங்களுடைய அதே 1489 தான். எங்கள் ஊரில் இந்தக் கார்கள் கண்காட்சிக்காக மிஞ்சியவை அல்ல. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோலை ஊற்றி ஸ்ரார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது, மிச்சம் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும், கரியும் கூடும். அந்த நிலையில் ஒயிலும் பில்டரும் எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் கராஜ்காரர்களுக்கு யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் கப் பில்டரோடு அந்த எஞ்சின்கள் தப்பி வந்தன. ஆகவே கப் மொடல் ரோட்டுக்கு உதவாது என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

கப்புக்குள் சாமான் வரிசையை எழுதுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நடு போல்ட்டைக் கீழிருந்து கப்புக்குள் விட வேண்டும், போல்ட் தலையில் சீல் வாஷர். உள்ளே முதலில் ஸ்பிரிங், அதன் மேல் இரும்பு வாஷர், அதன் மேல் ஃபெல்ட் அல்லது ரப்பர் வாஷர், பிறகு அழுத்தும் பிளேட், அதைப் பிடிக்க ஒரு சேர்க்கிளிப் (போல்ட்டில் மாட்டும் வளையக் கிளிப்). அதன் மேல்தான் எலிமென்ட் இருக்கும். பழைய செட்டுகளில் அடிக்கடி காணாமல் போயிருப்பது அந்தச் சின்ன ஃபெல்ட் வாஷர்தான். யாரோ கழுவும்போது அழுக்கென்று எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, பிரஷரும் சரியாகக் காட்டும், ஆனால் அழுக்கு ஒயில் போல்ட்டை ஒட்டி எலிமென்டைச் சுற்றிப் போய்விடும். பில்டர் இருந்தும் இல்லாதது மாதிரி. ஆகவே செட் வந்ததும் முதலில் அதைத் தேடுங்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பி-சீரிஸ் சாமான் இன்னும் கண்ணில் படும். இந்தியாவுக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடலாம், தேவை என்றால் சொல்லுங்கள், வடிவாகப் பார்த்து வாங்கித் தருகிறேன்.

கண்காட்சி_பார்வை

கண்காட்சிகளில் வண்டி மதிப்பிடும் குழுவோடு இருந்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கப் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கிற எலிமென்ட் எந்த வருடத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம் குனிந்து பார்ப்போம். தெரிவது கப்பின் வடிவம், ஃபில்டர் ஹெட், போல்ட்டின் தலை, பெயின்ட் இவ்வளவுதான். ஆகவே வெளியே 1961, உள்ளே நேற்று செய்த எலிமென்ட். எஞ்சினுக்கும் இதுதான் நல்லது, கண்காட்சிக்கும் இது போதும்.

பெயின்ட் பற்றி ஒரு வேண்டுகோள். கப் கைக்கு வந்ததும் சாண்ட் பிளாஸ்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். போல்ட் வாஷரைக் கழற்றினால் அதன் அடியில் வட்டமாக ஓர் இடம் வெயிலும் ஆயிலும் படாமல் இருந்திருக்கும், ஃபேக்டரி நிறம் அங்கே மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. ஹெட் பிளாக்கோடு சேர்கிற விளிம்பிலும் பாருங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்த நிறத்தைப் பெயின்ட் கடையில் காட்டிப் பொருத்துங்கள். ஆளாளுக்குச் சொல்லும் “பச்சைதான், கறுப்புதான்” என்பதை நம்புவதைவிட உங்கள் கையில் இருக்கும் இரும்பு சொல்வதை நம்பலாம்.

பழைய கம்பெனி ஸ்டிக்கரை கம்ப்யூட்டரில் அடித்து ஸ்பின்-ஆன் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதைவிட ஸ்பின்-ஆனை அப்படியே வைத்துவிட்டு, “இது பின்னால் மாற்றியது” என்று தாளில் எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல். பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய நிலைக்குத் திரும்பக் கூடியதாக, கண்ணை உறுத்தாததாக இருக்கட்டும் என்று. அந்தக் கணக்கில் உங்கள் முன்னவர் அடாப்டர் போட்டது கூடப் பெரிய குற்றம் இல்லை, பிளாக்கில் வெட்டவில்லை என்றால். கழற்றிய கப்பை எறிந்ததுதான் மனதுக்கு வருத்தம்.

அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. பெட்டியை வாங்குங்கள், கண்காட்சியில் டூல் கிட், கையேடு, பழைய ஆர்சி புத்தகம் இவற்றோடு வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எலிமென்டை எஞ்சினில் போடாதீர்கள். மடித்த காகிதத்தையும் இரண்டு பக்க மூடியையும் ஒட்டியிருக்கும் பசை அறுபது வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும். பார்க்கப் புதுசுபோல இருக்கும், சூடான ஆயில் பிரஷரோடு பட்டதும் மூடி கழன்றுகொள்ளும், இல்லாவிட்டால் காகிதம் கிழியும், அந்தத் துணுக்கு நேராக ஆயில் வழிக்குள் போகும். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் கிடந்த பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். விலையையும் பெட்டிக்கான விலையாகப் பேசுங்கள், ஃபில்டருக்கான விலையாக அல்ல.

ஹைவே_ஓட்டி

அந்த பைபாஸ் வால்வ் விஷயம் யோசிக்க வைக்கிறது. என் அடாப்டர் எம்ஜிக்காக இங்கிலாந்தில் செய்தது, அதற்கு என்ன ஃபில்டர் போட வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதனால் எனக்குக் கவலை இல்லை. ஆனால் எவரோ லேத்தில் செய்தது என்றால் நானும் கழற்றத்தான் சொல்வேன். கோவைக்காரர் அதை முதலில் பாருங்கள், கப் கிடைக்கும் வரை வண்டியைத் தூரமாக எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கோவை_மார்க்1

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடாப்டரைக் கழற்றிப் பார்த்தேன். வெறும் தட்டையான இரும்பு, இரண்டு துளை, வால்வ் எதுவும் இல்லை. போட்டிருந்த ஃபில்டரிலும் பைபாஸ் இல்லை. இப்படியே இத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று நினைத்தால் திக்கென்கிறது. பிளாக்கில் வெட்டு எதுவும் இல்லை, அது ஒரு நிம்மதி.

மல்லிக் பஜாரில் நண்பர் ஒருவர் மூலமாக முழு செட் கிடைத்துவிட்டது. ஹெட், கப், போல்ட், ஸ்பிரிங், பிளேட் எல்லாம் இருக்கின்றன. யாழ் அண்ணா சொன்னதுபோலவே ஃபெல்ட் வாஷர் மட்டும் இல்லை! போல்ட் வாஷருக்கு அடியில் நிறமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, படம் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். புது எலிமென்டோடு பெட்டியில் ரப்பர் ரிங் இரண்டு வந்திருக்கின்றன, தடிமன் வேறு வேறு. ஹெட்டில் ரிங் உட்காரும் பள்ளம் மிகவும் மேலாப்பாக இருக்கிறது, எந்த ரிங்கைப் போட்டாலும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. தப்பான ஹெட் வாங்கிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. ஃபெல்ட் வாஷருக்கு என்ன செய்வது?

பழைய_பிஸ்டன்

ஹெட் தப்பாக இருக்காது. பள்ளம் மேலாப்பாக இருக்கிறது என்றீர்களே, அதில் பழைய ரிங் இன்னும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, கறுத்து, இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும், விரலால் தடவினால் வார்ப்பின் பகுதி என்றே தோன்றும். கூர்மையான ஊசியை, நல்ல பெரிய சேஃப்டி பின் போதும், பள்ளத்தின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி நெம்பிப் பாருங்கள். ரப்பர் என்றால் ஊசி இறங்கும், துண்டு துண்டாக உடைந்து வரும். ஸ்க்ரூடிரைவரால் தோண்டாதீர்கள், பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். சில ஹெட்களில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழைய ரிங்கைக்கூட எடுத்திருக்கிறேன். இந்த கப் ஃபில்டருக்கு “எப்போதும் ஒழுகும்” என்று கெட்ட பெயர் வந்ததே பெரும்பாலும் இதனால்தான். பழைய ரிங் மேல் புது ரிங் போட்டு இறுக்குவார்கள், நின்ற வண்டியில் ஒழுகாது, ரோட்டில் பிரஷர் 50 பவுண்டுக்கு ஏறியதும் ரிங் பிதுங்கி ஆயில் பீய்ச்சியடிக்கும்.

இரண்டு ரிங் வருவது இரண்டு வகை ஹெட்டுக்காக. பள்ளம் சுத்தமானதும் எது அலுங்காமல், இழுக்காமல், முறுக்காமல் பள்ளத்துக்குள் படுக்கிறதோ அதுதான் உங்களுடையது. சுற்றி நான்கு இடத்தில் மாறி மாறி அமுக்கி உட்கார வையுங்கள், ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ரிங் நீண்டு மடிந்துகொள்ளும்.

யாழ்_கேம்பிரிட்ஜ்

ஃபெல்ட் வாஷருக்குக் கவலைப்படாதீர்கள் தம்பி. எம்ஜிஏ சாமான் விற்பவர்களிடம் தனியாகவே கிடைக்கும். அவசரம் என்றால் ஒயிலுக்கும் சூட்டுக்கும் தாங்குகிற நைட்ரைல் ரப்பரில், போல்ட்டை இறுக்கமாகப் பிடிக்கும் அளவுக்கு உள் துளை வைத்து வெட்டிப் போடலாம். சைக்கிள் ரியூப்பில் வெட்டாதீர்கள், சூடான ஒயிலில் அது ஊதி, கூழாகிவிடும்.

மாட்டுவதற்கு முன் எலிமென்டின் இரண்டு பக்கத் துளையையும் பாருங்கள். கீழ்ப்பக்கம் பிளேட்டின் கழுத்திலும் மேல்ப்பக்கம் ஹெட்டின் கழுத்திலும் கொஞ்சம் இறுக்கமாகவே ஏற வேண்டும். லூசாக ஆடினால் அது உங்கள் செட்டுக்கான எலிமென்ட் இல்லை, உயரம் சரியாக இருந்தாலும் மாற்றி வாங்குங்கள். கப்பில் முக்கால்வாசி புது ஒயிலை ஊற்றிக்கொண்டு மேலே தூக்குங்கள், போல்ட் பிடித்த பிறகு கப்பைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ரிங்கின் மேல் சமமாக வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு இறுக்குங்கள், ஆனால் பலம் காட்ட வேண்டாம், நீளமான போல்ட் என்பதால் அதிகமாக முறுக்கினால் ஹெட்டில் மரை போய்விடும்.

பழைய_பிஸ்டன்

காயில் வயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள், அப்புறம் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா ஐடிலில் பார்த்துவிட்டு ஒழுகவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொருவரை வைத்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தச் சொல்லி, டார்ச் அடித்துக் கப்பின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு போல்ட்டை மறுபடியும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், புது ரிங் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அந்தக் காலத்துக் கையேட்டின்படி ஆயில் 3000 மைலுக்கு, எலிமென்ட் 6000 மைலுக்கு. நீங்கள் கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் எடுப்பதென்றால் மைல் கணக்கு வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய ரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே புதுசைப் போடுங்கள்.